மாடிக் குளியலறையில் தண்ணீர் ஒழுகுகிறது, சமையலறையில் பீறிடுகிறது: பம்ப் வாங்கத்தான் வேண்டுமா?

குளுகோர்வாசி

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு குளுகோரில், 1980களில் எழுந்த ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), ஈரடுக்கு வரிசை வீட்டில் என் தாயார், மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறேன். கீழே சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் பீறிட்டு வருகிறது. ஆனால் மாடியிலுள்ள இரண்டு குளியலறைகளிலும் ஷவரிலிருந்து மெல்லிய இழையாகத்தான் இறங்குகிறது. ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் குளியலறையில் யாராவது ஃப்ளஷ் செய்துவிட்டால் வாட்டர் ஹீட்டர் தானாகவே அணைந்துவிடுகிறது. எழுபது வயதைக் கடந்த என் தாயார் விடியற்காலையில் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுவார். அவர் பாதிக் குளியலில் குளிர்ந்த நீரில் நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்த பிளம்பர் ஒருவர், மீட்டருக்கு அடுத்தே ஒரு பூஸ்டர் பம்ப் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி 1,500 ரிங்கிட் கேட்டார். வேறொருவர் வீடு முழுவதும் குழாய்களை மாற்ற வேண்டும் என்கிறார். கூரைக்கடியில் 200 காலன் தொட்டி இருக்கிறது, குழாய்கள் பழைய இரும்புக் குழாய்கள் என்பதைத் தவிர எனக்கு அதிகம் தெரியாது. எதை நம்புவது என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பாயான் பாரு நண்பர்

எங்கள் வீட்டிலும் இதே நிலைதான் இருந்தது. தொட்டிக்குக் கீழே ஒரு தானியங்கி பம்ப் பொருத்தினோம். அன்றிலிருந்து மாடியில் நல்ல வேகத்துடன் தண்ணீர் வருகிறது. காலம் தாழ்த்தாமல் பம்ப் வாங்கிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. விலையை மட்டும் இரண்டு கடைகளில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிறை குழாய்ப்பணியாளர்

குளுகோர் அண்ணன், தயவுசெய்து மீட்டருக்கு அடுத்துப் பம்ப் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். நீர் வாரியத்தின் குழாயிலிருந்து பம்ப் மூலம் நேரடியாக நீரை உறிஞ்சுவது இந்நாட்டு விதிகளின்படி அனுமதிக்கப்படுவதில்லை, அதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. ஒரு வீடு உறிஞ்சினால் அதே கிளைக்குழாயில் இருக்கும் அண்டை வீடுகளின் அழுத்தம் விழும். அதைவிடக் கவலைக்குரியது, பொதுக்குழாயில் அழுத்தம் மிகவும் இறங்கும் நேரத்தில் மண்ணுக்கடியில் எங்காவது கசிவு இருந்தால், அந்த ஓட்டை வழியாக வெளியிலிருக்கும் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படலாம் என்பது. பம்ப் வேண்டுமென்றால் அது தொட்டிக்குப் பிறகுதான் வர வேண்டும். பாயான் பாரு நண்பர் சொல்வதுபோலத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் வைப்பது வேறு, மீட்டரில் வைப்பது வேறு.

இரண்டாவது செய்தி, உங்கள் வீட்டுக்கு மீட்டர் பம்ப்பால் பயனும் இருக்காது. நம் நாட்டுத் தரைவீடுகளில் பெரும்பாலும் சமையலறைக் குழாய் ஒன்று மட்டும் நேராகப் பொதுக்குழாயிலிருந்து வரும்; மற்றவை அனைத்தும் கூரைத் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து தன் எடையால் இறங்கி வரும். சமையலறையில் பீறிடுகிறது என்றால் தெருவிலிருந்து வரும் நீரில் குறையில்லை. மீட்டரில் பம்ப் வைத்தால் தொட்டி விரைவாக நிரம்பும். தொட்டியிலிருந்து ஷவர் வரைக்குமான பயணத்தில் ஒரு துளியும் மாறாது. ஆகவே நோய் இருப்பது தொட்டிக்கும் ஷவருக்கும் இடையில்தான்.

சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் குளியலறை இருக்கிறதா, இருந்தால் அங்கே எப்படி வருகிறது? மாடியில் இரண்டு குளியலறைகளும் ஒரே அளவில் மெலிந்திருக்கின்றனவா? இந்த மெலிவு ஆண்டுக்கணக்கில் படிப்படியாக வந்ததா, அல்லது ஒரு நாள் திடீரென்று வந்ததா? காலையில் முதலில் திறக்கும்போது பழுப்பு நிற நீர் வருகிறதா?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

தம்பி பிறையிலிருந்து எழுதியதை நான் முழுமையாக ஏற்கிறேன். அளந்து பார்ப்பதற்கு முன் எதையும் வாங்க வேண்டாம் என்பதற்காகச் சில எண்களைச் சேர்க்கிறேன்.

நீர் நிற்கும் உயரம்தான் அழுத்தத்தைத் தருகிறது. பத்து மீட்டர் உயர நீர்நிரல் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். பொதுக்குழாய்க்கும் இதுவே விதி. மவுண்ட் எர்ஸ்கின் குன்றின்மேல் 1929இல் கில்லமார்ட் நீர்த்தேக்கத்தைக் கட்டியவர்கள் உயரத்தைத் தேடிச் சென்றது இதற்காகத்தான். உங்கள் வீட்டில் கூரைத் தொட்டியின் நீர்மட்டம் மாடி ஷவருக்கு மேலே இரண்டு மீட்டர் இருந்தால் அதிகம். அதாவது அங்கே கிடைப்பது 0.2 பார் மட்டுமே. கீழ்த்தளக் குழாய்க்கு அதே தொட்டியிலிருந்து ஐந்து மீட்டர், அதாவது 0.5 பார் கிடைக்கும். கடைகளில் அழகாகத் தொங்கும் அகன்ற மழை ஷவர்களில் பல 1 பாருக்கு மேல் எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை, 0.2 பாரில் அவற்றிலிருந்து நீர் சொட்டத்தான் செய்யும்.

ஆனால் அழுத்தம் குறைவு என்பதாலேயே ஓட்டமும் குறைய வேண்டும் என்பதில்லை. குழாய் அகலமாகவும் வழி தடையின்றியும் இருந்தால் 0.2 பாரிலேயே ஒருவர் குளிக்கப் போதிய நீர் இறங்கும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது உயரமும் வழியிலுள்ள தடையும் சேர்ந்துதான். குழாயின் உள்விட்டம் 20 மில்லிமீட்டரிலிருந்து 15 மில்லிமீட்டராகக் குறைந்தால், அதே அளவு நீரைக் கடத்தும்போது உராய்வில் இழக்கும் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. விட்டம் பாதியானால் அந்த இழப்பு முப்பது மடங்கை நெருங்குகிறது. தொடக்கத்திலேயே 0.2 பார் மட்டும் கையில் வைத்திருக்கும் வீட்டுக்கு இந்த இழப்பைத் தாங்கும் வசதி இல்லை. துருப்பிடித்த இரும்புக் குழாயில் உட்சுவரில் முடிச்சு முடிச்சாகத் துரு வளர்ந்து வழியை அடைப்பது இப்படித்தான் வீட்டை வருத்துகிறது.

எனவே ஒரு வேலை செய்யுங்கள். பத்து லிட்டர் வாளியை ஒவ்வொரு குழாயின் அடியிலும் வைத்து, முழுதாகத் திறந்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். குழாய் நுனியில் சல்லடை போன்ற ஏரேட்டர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். கழற்றியதும் வேகம் கூடினால் குற்றவாளி அதுவே. மற்றக் குழாய்கள் அனைத்தும் மூடியிருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

குளுகோர்வாசி

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. வாளியை வைத்து அளந்துவிட்டேன். சமையலறையில் 45 நொடியில் நிரம்பிவிட்டது. கீழ்த்தளக் குளியலறைக் குழாயில் 75 நொடி. மாடியில் முன்பக்கக் குளியலறையின் வாளிக் குழாயில் சரியாக நான்கு நிமிடம். பின்பக்கக் குளியலறையிலும் அதே அளவுதான். ஷவரில் அதைவிடவும் தாமதமாகிறது. ஏரேட்டர் எதுவும் இல்லை.

மெலிவு படிப்படியாகத்தான் வந்தது, ஆனால் அண்மையில் ஒரு முறை கூரைக்குள் ஏறி வால்வை மூடிவிட்டுத் தொட்டியைக் கழுவிய பிறகு மிகவும் மோசமாகிவிட்டது என்று என் மனைவி உறுதியாகச் சொல்கிறார். காலையில் மாடியில் முதல் சில நொடிகளுக்குப் பழுப்பு நீர் வருகிறது, கீழே வருவதில்லை.

தொட்டியை இன்னும் உயர்த்தி வைத்தால் போதாதா என்று என் மைத்துனர் கேட்கிறார். அதற்கும் கருத்துச் சொல்லுங்கள்.

பிறை குழாய்ப்பணியாளர்

உங்கள் மனைவி சொன்னது மிகவும் பயனுள்ள செய்தி. வால்வை மூடித் திறந்த பிறகு மோசமானது என்றால் என் ஐயம் முதலில் அந்த வால்வின்மேல்தான் விழுகிறது.

எண்களைப் பாருங்கள். கீழ்த்தளக் குளியலறைக்கு நிமிடத்துக்கு 8 லிட்டர் வருகிறது. அதுவும் இதே தொட்டியின் நீர்தான். எனவே தொட்டியின் வாயும், அதிலிருந்து வெளியேறும் முதல் குழாயும் 8 லிட்டரை விடும் அளவுக்குத் திறந்தே இருக்கின்றன. மாடிக்கு உயரம் குறைவு என்பதால் அங்கே 8 வராது. இரண்டு மீட்டருக்கும் ஐந்து மீட்டருக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தால், இரண்டு கிளைகளும் ஒத்த தரத்தில் இருக்கும் நிலையில், மாடியில் ஏறத்தாழ 5 லிட்டர் வர வேண்டும். வருவது 2.5 லிட்டர். பாதி எங்கோ தடைபடுகிறது. இரண்டு குளியலறைகளும் ஒரே அளவில் மெலிந்திருப்பதால், தடை அவை பிரிவதற்கு முன்பே இருக்கிறது. தொட்டிக் குழாயிலிருந்து மாடிக் கிளை பிரியும் T வடிவ மூட்டுக்கும், இரண்டு குளியலறைகள் பிரியும் மூட்டுக்கும் நடுவிலுள்ள சில அடி நீளத்தில் தேடினால் போதும். வீடு முழுவதும் குழாய் மாற்ற வேண்டும் என்பதற்கு உங்கள் அளவுகளில் ஆதாரம் இல்லை.

அந்தக் காலத்து வீடுகளில் கிளை வால்வாகப் பித்தளைக் கேட் வால்வு வைப்பார்கள். அதன் கைப்பிடியைச் சுற்றும்போது தண்டு சுழன்று, அதோடு இணைந்த தகடு உயர வேண்டும். நாற்பது ஆண்டுகள் நீரில் கிடந்த தண்டும் தகடும் அரித்து, ஒரு நாள் மூடித் திறக்கும்போது தண்டு மட்டும் சுழன்று தகடு பாதி வழியில் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வால்வு முழுதாகத் திறந்ததுபோலவே தோன்றும். நான் பார்க்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. கைப்பிடி தடையின்றிச் சுற்றிக்கொண்டே போனால், அல்லது சுற்றச் சுற்ற நீரின் வேகத்தில் மாற்றமே இல்லாவிட்டால், தகடு கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மாற்றும்போது கேட் வால்வு வேண்டாம். கால் சுற்றில் திறக்கும் பால் வால்வு, அதுவும் உள்துளை குறுகாத முழுத்துளை வகை என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த சில பால் வால்வுகளின் உள்துளை குழாயைவிட ஒரு சுற்றுச் சிறியதாக இருக்கும், 0.2 பார் வீட்டுக்கு அது ஆகாது.

பழுப்பு நீர் மாடியில் மட்டும் வருவதால் அதே பகுதியில் இரும்புக் குழாயும் உள்ளே துருவேறியிருக்கும். வால்வை மாற்றும்போது அந்தச் சில அடிக் குழாயையும் முக்கால் இஞ்ச் அளவில் மாற்றிவிடுங்கள். செம்புக் குழாயை நேராக இரும்புக் குழாயோடு முறுக்கி இணைக்க வேண்டாம். இரு உலோகங்களும் நீரில் சேர்ந்தால் இரும்பு விரைவாக அரிக்கும். நெகிழிக் குழாய் போட்டால் அந்தச் சிக்கல் எழாது.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

மைத்துனரின் யோசனை கோட்பாட்டளவில் சரியானது. ஒரு மீட்டர் உயர்த்தினால் 0.1 பார் கூடும். உங்கள் மாடிக்கு அது ஒன்றரை மடங்கு. ஆனால் 200 காலன் என்பது ஏறத்தாழ 900 லிட்டர், அதாவது நீரின் எடை மட்டும் 900 கிலோ. நாற்பது ஆண்டு வயதான கூரை மரச்சட்டங்களின்மேல் அந்த எடையை உயரமான மேடையில் ஏற்றுவதை ஒரு பொறியாளர் பார்த்து ஒப்புதல் தராமல் செய்யக் கூடாது. உறங்கும் அறைகளுக்கு மேலே இருக்கும் எடை அது.

ஆயர் ஈத்தாம் சகோதரி

இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்; என் கேள்வியும் இதையொட்டியதே என்பதால் இங்கேயே கேட்கிறேன். நாங்கள் ஒற்றை மாடித் தரைவீட்டில் இருக்கிறோம். 2024 ஜனவரி 10 முதல் 14 வரை சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக நீர் நிறுத்தப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அப்போது எங்கள் தொட்டி முற்றாகக் காலியாகிவிட்டது. நீர் திரும்பிய பின்னர் சமையலறையில் நன்றாக வந்தது, தொட்டியும் நிரம்பியது, ஆனால் குளியலறையில் மட்டும் கொப்புளித்துக் கொப்புளித்து நின்றுபோனது. பக்கத்து வீட்டு அங்கிள் ஒரு ரப்பர்க் குழாயால் சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் இணைத்து இரண்டையும் திறந்தார். சிறிது நேரத்தில் சரியாகிவிட்டது. ஒவ்வொரு முறை தொட்டி காலியாகும்போதும் இதே தொல்லை வருகிறது. இது ஏன் நடக்கிறது, அந்த ரப்பர்க் குழாய் முறையை நானே செய்யலாமா?

பிறை குழாய்ப்பணியாளர்

சகோதரி, உங்கள் குழாயில் காற்று அடைத்துக்கொள்கிறது. தொட்டியிலிருந்து வரும் குழாய் கூரைக்குள் சீராகச் சரிந்து இறங்க வேண்டும். உத்தரத்தைத் தாண்டுவதற்காக அதை எங்காவது மேலேற்றி மறுபடி இறக்கியிருந்தால், அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். பொதுக்குழாயின் அழுத்தம் அந்தக் காற்றை எளிதில் தள்ளிவிடும். தொட்டி நீரின் 0.2 பாருக்குச் சில நேரம் அந்த வலிமை இருப்பதில்லை.

ரப்பர்க் குழாய் முறை பலன் தருவது உண்மை, ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்த நேரத்தில் தெருவில் அழுத்தம் விழுந்தால், உங்கள் தொட்டியின் நீர் அதே ரப்பர்க் குழாய் வழியே பின்னோக்கிச் சென்று பொதுக்குழாயில் கலந்துவிடும். நீர் நிறுத்தப்பட்டுத் திரும்பிய நாட்களில்தான் அழுத்தம் நிலையற்று இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அதற்குப் பதிலாகத் தொட்டி முழுதாக நிரம்பும்வரை, தொட்டி நீர் வரும் எந்தக் குழாயையும் திறக்காமல் காத்திருந்து, பிறகு அவற்றில் மிகத் தாழ்வான குழாயை முழுதாகத் திறந்து ஓடவிடுங்கள். அடுத்துக் குளியலறைக் குழாயைத் திறங்கள். நிரந்தரத் தீர்வு என்றால், தொட்டியை ஒட்டிய வால்வுக்குப் பிறகு ஒரு மெல்லிய காற்றுப்போக்கிக் குழாயை மேல்நோக்கி எடுத்து, தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே திறந்துவிடச் சொல்லுங்கள். மேட்டையும் இயன்றவரை சரிசெய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். நீர் நிறுத்தப்பட்டுத் திரும்பும்போது குழாயடியில் படிந்திருந்த வண்டல் கிளம்பி வரும். தொட்டிக்குள் அது விழுவதற்கு முன் சமையலறைக் குழாயைத் திறந்து, நீர் தெளியும்வரை வாளிகளில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றுங்கள். தொட்டியின் மிதவை வால்விலும், சலவை இயந்திரத்தின் நீர்வாயிலும் இருக்கும் சிறு சல்லடைகளையும் ஒரு முறை கழுவிவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பத்தொன்பதாம் மாடி

கோலாலம்பூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். தரைவீட்டின் கணக்கு அடுக்குமாடியில் தலைகீழாகிறது என்பதால் இதை எழுதுகிறேன். எங்களைப்போன்றவர்களும் இதைப் படிக்கக்கூடும்.

எங்கள் கட்டடத்தில் நீர் முதலில் கீழ்த்தொட்டிக்கு வந்து, பம்ப் மூலம் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து எல்லா வீடுகளுக்கும் இறங்குகிறது. பத்து மாடி என்பது ஏறத்தாழ முப்பது மீட்டர், அதாவது 3 பார். ஆகவே உச்சியிலுள்ள இரண்டு மூன்று மாடிகளுக்கு அழுத்தம் போதாமல் தனியாகப் பூஸ்டர் பம்ப் வைத்திருக்கிறோம். கீழ் மாடிகளுக்கோ அழுத்தம் மிகுந்துவிடுவதால் நடுவில் அழுத்தம் குறைக்கும் வால்வுகள் இருக்கின்றன. பினாங்கிலுள்ள கொம்தாரைப்போல 60 மாடிக்கும் மேல் உள்ள கோபுரத்தில் உச்சித் தொட்டியிலிருந்து ஒரே குழாயாக இறக்கினால் அடியில் 20 பாருக்கு மேல் சேர்ந்துவிடும். எந்த வீட்டுக் குழாயும் அதைத் தாங்காது. உயரமான கட்டடங்களில் நீரைப் பல மண்டலங்களாகப் பிரிப்பது இதற்காகத்தான்.

குடியிருப்பாளர் ஒருவர் நீர் மெலிந்துவிட்டது என்று புகார் தந்தால் நான் முதலில் கேட்பது, மேலும் கீழும் உள்ள வீடுகளில் எப்படி என்பதுதான். ஒரே செங்குத்து வரிசையில் உள்ள எல்லா வீடுகளிலும் மெலிந்திருந்தால் கட்டடத்தின் பொதுக்குழாயிலோ அழுத்தக் குறைப்பு வால்வின் சல்லடையிலோ கோளாறு. அது நிர்வாகத்தின் பொறுப்பு. ஒரு வீட்டில் மட்டும் என்றால் அந்த வீட்டின் மீட்டருக்குப் பிறகுதான் தேட வேண்டும். கீழ் மாடிகளில் குழாயை மூடும்போது சுவருக்குள் "தட்" என்று அதிர்ந்தால் அதையும் உடனே சொல்லுங்கள்; அழுத்தக் குறைப்பு வால்வு பழுதானதற்கு அது அடையாளமாக இருக்கலாம், சலவை இயந்திரத்தின் இணைப்புக் குழாய் வெடித்து மூன்று வீடுகள் நனைவதற்கு முன் சரிசெய்துவிடலாம்.

பாயான் பாரு நண்பர்

பம்ப்பே வேண்டாம் என்ற திசையில் விவாதம் போகிறது. தொட்டிக்குப் பிறகு வைப்பது சட்டப்படி சரியானது என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம். மெலிந்த நீரில் ஒரு குடும்பம் தொல்லைப்படும்போது, ஒரே நாளில் தீரும் வழியை ஏன் தள்ளிப்போட வேண்டும்? எங்கள் வீட்டுப் பம்ப்பில் ஒரே ஒரு குறைதான்: நள்ளிரவில் யாரும் நீரைத் திறக்காதபோதும் அது அவ்வப்போது ஓடி நிற்கிறது.

பிறை குழாய்ப்பணியாளர்

நண்பரே, பம்ப்புக்கு நான் எதிரியல்ல. நானே பல வீடுகளில் பொருத்தியிருக்கிறேன். ஆனால் பழைய இரும்புக் குழாய் உள்ள வீட்டில் குழாயைப் பார்க்காமல் பம்ப் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். இத்தனை ஆண்டுகளாக 0.2 பாரை மட்டும் தாங்கி வந்த, உள்ளே துருவரித்த குழாயின்மேல் ஒரே நாளில் 2 பாரை ஏற்றுகிறோம், பத்து மடங்கு. சுவருக்குள் மெலிந்திருக்கும் இடம் அப்போதுதான் தன்னைக் காட்டும், கூரைப்பலகை நனைந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். தடை வால்வில் இருந்தால் பம்ப் அந்தத் தடையோடு போராடிக்கொண்டே மின்சாரத்தைத் தின்னும்.

நள்ளிரவில் உங்கள் பம்ப் ஓடி நிற்பதை அலட்சியம் செய்யாதீர்கள். யாரும் நீரைத் திறக்காதபோது அழுத்தம் விழுகிறது என்றால், நீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது பம்ப்பின் பின்னோட்டத் தடுப்பு வால்வு சரியாக மூடவில்லை. முதலில் கழிவறைத் தொட்டிகளில் உணவு நிறமி சில துளி விட்டு, ஃப்ளஷ் செய்யாமலேயே கிண்ணத்தில் நிறம் இறங்குகிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் பம்ப்புக்கு அடுத்த வால்வை இரவில் மூடிவையுங்கள். பம்ப் அமைதியானால் கசிவு வீட்டுக் குழாயில் இருக்கிறது, மூடிய பிறகும் ஓடினால் கோளாறு பம்ப்பிலேயே இருக்கிறது. ஈரமுள்ள இடத்தில் மின்சாரப் பொருள் இருப்பதால் நிலத்தொடர்புக் கம்பியையும் கசிவு மின்துண்டிப்பானையும் ஒரு மின்பணியாளரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பாயான் பாரு நண்பர்

நிறமி கிண்ணத்தில் இறங்கிவிட்டது. மாடிக் கழிவறைத் தொட்டியின் அடி ரப்பர் மூடி தளர்ந்திருக்கிறது. இத்தனை நாளும் அந்த நீருக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டியிருக்கிறேன். மிக்க நன்றி அண்ணன்.

குளுகோர்வாசி

வேலை முடிந்தது, விவரத்தைப் பதிகிறேன். உரிமம் பெற்ற ஒருவரை அழைத்து, வாளி அளவுகளையும் இந்த இழையில் சொல்லப்பட்ட பகுதியையும் காட்டினேன். கூரைக்குள் மாடிக் கிளையின் கேட் வால்வு கைப்பிடி சுற்றிக்கொண்டே இருந்தது. கழற்றியபோது தகடு பாதிக்கும் கீழே இறங்கி நின்றிருந்தது. அதற்கடுத்த எல்போவை (வளைவு மூட்டை) வெட்டிப் பார்த்தோம். உள்ளே துருவுக்கு நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. அந்த நீளத்தை முக்கால் இஞ்ச் நெகிழிக் குழாயாக மாற்றி, முழுத்துளைப் பால் வால்வு வைத்தார். பம்ப்புக்குக் கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இப்போது மாடி வாளிக் குழாயில் பத்து லிட்டர் 110 நொடியில் நிரம்புகிறது. அண்ணன் 5 லிட்டர் வர வேண்டும் என்றார்; கிட்டத்தட்ட ஐந்தரை வருகிறது. ஹீட்டர் வழியாக வரும் ஷவரில் நிமிடத்துக்கு 4 லிட்டர். ஃப்ளஷ் செய்தால் ஷவர் இன்னும் சற்றுத் தளர்கிறது, ஆனால் ஹீட்டர் அணைவதில்லை. என் தாயாருக்கு இது போதும் என்கிறார். பிள்ளைகள் ஹோட்டல் ஷவரைப்போல வேண்டும் என்று கேட்கிறார்கள். குழாய் சரியாகிவிட்ட பிறகு இனி ஒரு சிறிய பம்ப் வைக்கலாமா?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

மனம் நிறைகிறது. பம்ப்பைப் பற்றி முடிவு செய்வதற்கு முன் ஹீட்டரின் திறனைப் பாருங்கள். உடனடியாகச் சூடாக்கும் ஷவர் ஹீட்டர்கள் பெரும்பாலும் 3.6 கிலோவாட்டை ஒட்டியவை. அந்த வெப்பம் நிமிடத்துக்கு 4 லிட்டர் நீரில் இறங்கினால் வெப்பநிலை ஏறத்தாழ 13 பாகை உயரும். 27 பாகையில் வரும் நீர் 40 பாகையாகும். பம்ப் வைத்து நிமிடத்துக்கு 8 லிட்டராக்கினால் அதே ஹீட்டரால் ஆறரை பாகைதான் உயர்த்த முடியும்; நீர் 34 பாகையைத் தாண்டாது. பிள்ளைகளுக்கு வேகம் கிடைக்கும், உங்கள் தாயாருக்கு வெதுவெதுப்பு போய்விடும்.

பிறை குழாய்ப்பணியாளர்

ஐயா சொல்வது சரி. பிள்ளைகளின் குளியலறைக்கு மட்டும் வேகம் வேண்டுமென்றால் அந்தக் கிளையில் தனியாக ஒரு சிறிய பம்ப் வைக்கலாம். தாயாரின் குளியலறைக் கிளையை அதிலிருந்து பிரித்துத் தொட்டி நீரிலேயே விட்டுவிடுங்கள். அதற்கும் முன்பாக ஷவர் தலையைக் கழற்றி, கைக்குழாய் சேரும் இடத்தில் நடுவில் சிறு துளையுள்ள நெகிழி வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். உயர் அழுத்த வீடுகளில் நீரைச் சேமிப்பதற்காக வைக்கப்படும் அந்த வளையம் தொட்டி நீருக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாம். கழிவறைத் தொட்டிக்குச் செல்லும் மூலை வால்வைப் பாதி மூடிவையுங்கள். தொட்டி நிரம்பச் சற்று நேரமாகும், ஆனால் யார் ஃப்ளஷ் செய்தாலும் ஷவர் அவ்வளவாகத் தளராது.